2147483647 பகா எண்தான் என்று கையால் கணக்குப் போட்டே காட்ட முடியுமா?

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் பகா எண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் இருக்கும் மாணவன் ஒருவன் நோட்டின் பின்னட்டையை நீட்டினான். அதில் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது: 2147483647. கைப்பேசி விளையாட்டு ஒன்றில் நாணயம் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறான். இந்த எண்ணைத் தொட்டதும் அதற்கு மேல் ஒரு நாணயம்கூட ஏறவில்லையாம். "இது பகா எண்ணா டீச்சர்?" என்று கேட்டான்.

உடனே கரும்பலகையில் இறங்கினோம். ஒற்றைப்படை, அதனால் 2 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 46, அதனால் 3 போகாது. 5, 7, 11, 13 என்று 31 வரை வந்தோம். மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தேடினேன். பகா எண்தான் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால், "பகா எண்தானாம், எங்கோ படித்தேன்" என்று அவனிடம் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும், ஆனால் அதுவே 46,340-ஐத் தாண்டுகிறது. அதுவரை இருக்கும் பகா எண்களே 4,792. அத்தனையாலும் வகுத்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் கணக்கையே வெறுத்துவிடுவார்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். விளையாட்டு ஏன் சரியாக இந்த எண்ணில் நின்றது? இது பகா எண் என்று, கணினி இல்லாமல், பிள்ளைகளுக்குப் புரியும்படி காட்ட வழி இருக்கிறதா?

---

இருமம் எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன் டீச்சர். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். இந்த எண்ணை நாள்தோறும் பார்க்கிறேன்.

அந்த விளையாட்டு நாணயக் கணக்கை 32 பிட்டுகளில் வைத்திருக்கிறது. ஒரு பிட்டு என்பது 0 அல்லது 1. முதல் பிட்டு கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. அந்த 31 இடத்திலும் 1 நின்றால் கிடைக்கும் பெரிய எண்தான் 2147483647. அடுக்காக எழுதினால் 2^31 − 1.

வகுப்பில் சொல்ல சதுரங்கப் பலகைக் கதை பொருத்தமாக இருக்கும். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. 31 கட்டம் நிரம்பியதும் பலகையில் இருக்கும் மொத்த நெல்மணிகள் 2147483647. பலகையில் பாதிகூட ஆகியிருக்காது.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பல பழைய கணினி அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக இதே 32 பிட்டுகளில்தான் எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு. அதுவரை மாற்றாமல் விட்ட அமைப்புகளில் அடுத்த விநாடி கடிகாரம் 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். உங்கள் மாணவர்களுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அதைச் சரிசெய்யும் வேலையே அவர்களில் யாருக்காவது கிடைக்கலாம்.

---

ஆற்றங்கரை எழுதியது:

இரண்டாவது சந்தேகத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறதே? 31 பகா எண். பகா எண்ணை அடுக்காக வைத்து 2-ஐ உயர்த்தி 1 கழித்தால் பகா எண் வரும். 2^3 − 1 = 7. 2^5 − 1 = 31. 2^7 − 1 = 127. எல்லாம் பகா எண்கள். அப்படியானால் 2^31 − 1 மட்டும் எப்படித் தவறும்?

---

எண்ணாடி எழுதியது:

தம்பி, நீங்கள் 7-இல் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த பகா எண் 11. அதையும் போட்டுப் பாருங்கள். 2^11 − 1 = 2047 = 23 × 89.

இந்தப் பள்ளத்தில் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள். இத்தாலியின் கட்டால்டி 17, 19 ஆகிய இரண்டு அடுக்குகளுக்கும் பொறுமையாக வகுத்துப் பார்த்துச் சரியாக நிறுவினார். அதோடு நில்லாமல் 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண்களைத் தரும் என்றார். 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா இரண்டை உடைத்தார்: 2^23 − 1 என்பது 47-ஆல் வகுபடும், 2^37 − 1 என்பது 223-ஆல் வகுபடும். 29-ஐ 1738-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் உடைத்தார். அது 233-ஆல் வகுபடும். நான்கில் தப்பியது 31 மட்டும். பாரிஸில் இருந்த துறவி மெர்சென், எந்தெந்த அடுக்குகள் பகா எண் தரும் என்று 1644-இல் ஒரு பட்டியல் கொடுத்தார். அவர் பெயரைத்தான் இன்று இந்த வகை எண்களுக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலிலும் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை.

ஆக, அடுக்கு பகா எண்ணாக இருப்பது தேவை, ஆனால் போதாது. தேவை என்பதற்கு 15-ஐப் பாருங்கள். 15 = 3 × 5. 2^15 − 1 = 32767 = 7 × 31 × 151. அந்த 7-உம் 31-உம் எங்கிருந்து வந்தன? 2^3 − 1, 2^5 − 1. அடுக்கு உடைந்தால் எண்ணும் உடையும்.

கணினியின் எல்லையும் பகா எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல் என்பதும் இதிலிருந்தே தெரியும். 16 பிட்டு எல்லையான 32767 பகு எண். 64 பிட்டு எல்லையான 2^63 − 1 என்பதும் பகு எண், 63 உடைகிறதே! இடையில் இருக்கும் 32 பிட்டுக்கு மட்டும் இந்த யோகம்.

டீச்சர், உங்கள் மாணவன் கேட்டது மிக நல்ல கேள்வி. அதற்கு 1772-இல் ஆய்லர் கொடுத்த விடை இருக்கிறது. இரவு உட்கார்ந்து எழுதுகிறேன்.

---

எண்ணாடி எழுதியது:

சொன்னபடி வந்துவிட்டேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1772-இல் ஆய்லர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வயது 65. ஒரு கண்ணை முன்பே இழந்தவர். மறு கண்ணும் ஏறத்தாழ முழுதாகப் போயிருந்தது. அந்த நிலையில்தான் கணிதர் மூன்றாம் யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் 2147483647 பகா எண் என்று அறிவிக்கிறார். அவர் செய்ததன் அழகு வகுத்ததில் இல்லை. எதையெல்லாம் வகுக்கவே வேண்டாம் என்று கண்டுபிடித்ததில் இருக்கிறது.

நம் எண்ணை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ப என்று பெயர். இப்போது 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். மீதிகள் ஒரு கட்டத்தில் மறுபடி 1-க்கு வந்து சுற்றத் தொடங்கும். ப நம் எண்ணை வகுப்பதால், 2^31-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது 31 அடி நடந்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம். அப்படியானால் சுற்றின் நீளம் 31-ஐ மீதியின்றி வகுக்க வேண்டும். 31 பகா எண். ஆகவே சுற்று 1 அடி அல்லது 31 அடி. 1 அடி ஆக முடியாது. எனவே 31.

ஃபெர்மாவின் தேற்றம் ஒன்று உண்டு: ப − 1 அடி நடந்தாலும் 1-க்கே வருவோம். ஆகவே 31 என்பது ப − 1-ஐ வகுக்கும். ப ஒற்றைப்படை என்பதால் ப − 1 இரட்டைப்படை. ஆக, ப − 1 என்பது 62-இன் மடங்கு. ப என்பது 63, 125, 187, 249 என்று 62 தாண்டித் தாண்டிப் போகும் வரிசையில்தான் இருக்க முடியும். மேலே 2047-இன் காரணிகளை இதே கண்ணோடு பாருங்கள். அங்கே அடுக்கு 11. 23 = 22 + 1. 89 = 4 × 22 + 1. விதி அப்படியே பொருந்துகிறது.

ஆய்லர் இங்கே நிற்கவில்லை. 2^31-இன் மீதி 1 என்றால் 2^32-இன் மீதி 2. ஆனால் 2^32 என்பது 2^16-இன் வர்க்கம். அதாவது, ஏதோ ஒரு வர்க்க எண்ணை ப-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது. இது எல்லாப் பகா எண்களுக்கும் நடக்காது. 7-க்கு நடக்கும்: 9-ஐ வகுத்தால் மீதி 2. 17-க்கு நடக்கும்: 36-ஐ வகுத்தால் 2. 23-க்கும் நடக்கும், 25 இருக்கிறது. 11-க்கும் 13-க்கும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தரும் ஒற்றைப்படைப் பகா எண்களுக்கு மட்டுமே இது நடக்கும். இதற்குத் தனி நிரூபணம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு இந்த ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொல்லலாம்.

இப்போது நம் வரிசையை 8-ஆல் சலிப்போம். 63-இன் மீதி 7, இருக்கட்டும். 125-இன் மீதி 5, போகட்டும். 187-இன் மீதி 3, போகட்டும். 249-இன் மீதி 1, இருக்கட்டும். பிறகு இதே தாளம் 248-க்கு ஒரு முறை திரும்பும். மிஞ்சுவது இரண்டே வரிசைகள்: 248-இன் மடங்கோடு 1 கூட்டியவை, 63 கூட்டியவை. 46,340 வரை இவற்றை எண்ணிப் பார்த்தேன். முதலில் வரும் 63 பகு எண் என்று கண்ணுக்கே தெரிகிறது. அதைத் தள்ளினால் மொத்தம் 372. அவற்றிலும் பகா எண்கள் மட்டும் போதும் என்றால் ஏறத்தாழ எண்பது. உங்கள் 4,792 எங்கே, எண்பது எங்கே!

தொடக்கத்தை மட்டும் நானே போட்டுப் பார்த்தேன். முதல் பகா எண் 311, மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. அதற்கடுத்தது 1489, இதை உங்கள் பிள்ளைகளுக்கு விட்டுவைக்கிறேன்.

---

வடமராட்சி எழுதியது:

எண்ணாடி ஐயா, வாசித்து முடித்ததும் எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடியும் வாசித்தேன். எங்கள் பாடநூல்களில் இவற்றை முதன்மை எண் என்றே படித்தோம்; பெயர் எதுவானாலும் மகிழ்ச்சி ஒன்றுதான்.

ஒரு கருத்து வேறுபாடு. இதைவிடக் குறுகிய வழி இருக்கிறதே. 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2 கழியுங்கள். நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கு 31 என்றால் 29 முறை செய்தால் போதும். கடைசியில் பூஜ்யம் வந்தால் முதன்மை எண், வராவிட்டால் இல்லை. 127-க்குச் செய்து காட்டுகிறேன், அடுக்கு 7 என்பதால் ஐந்து முறை: 4, 14, 67, 42, 111, 0. முடிந்தது. பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இந்த வழியைக் கண்டார். 1876-இல் 39 இலக்கம் கொண்ட 2^127 − 1 முதன்மை எண் என்று கணினி இல்லாமலே நிறுவினார். 1930-இல் லேமர் இதை இன்றைய எளிய வடிவுக்குக் கொண்டுவந்தார். 372 வகுத்தல் எதற்கு?

---

எண்ணாடி எழுதியது:

வழி சரிதான். ஆனால் வகுப்பறைக்கு நான் ஆய்லர் பக்கமே நிற்பேன். உங்கள் 29 படியில் ஒவ்வொன்றிலும் பத்து இலக்க எண்ணை வர்க்கமாக்க வேண்டும். இருபது இலக்கம் வரை போகும். நாலாவது படியில் ஓர் இலக்கம் தவறினால் மிச்சம் இருபத்தைந்து படியும் வீண். தவறியது தெரியவும் தெரியாது. ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்க முடியும். வகுத்தல் பட்டியல் அப்படியல்ல. பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருவர் தவறினால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

---

வடமராட்சி எழுதியது:

பங்கு போடலாம் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிறு திருத்தம்: அந்த 29 படியிலும் நம் எண்ணால் வகுக்கும் சுமை இல்லை. 9-ஆல் வகுத்த மீதி தெரிய இலக்கங்களைக் கூட்டுகிறோம் அல்லவா? 2^31 − 1-க்கும் அதே உபாயம் உண்டு, இரும எண்ணில். எண்ணைக் கடைசியிலிருந்து 31 பிட்டுகளாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் அதுவே மீதியைத் தந்துவிடும். சிறிதாக 31-ஐ வைத்துப் பார்க்கலாம். 1000-ஐ இருமத்தில் எழுதினால் 11111 01000. துண்டுகள் 31, 8. கூட்டினால் 39. அதிலிருந்து 31 போனால் 8. நேராக வகுத்தாலும் 8-தான்.

---

துளையட்டை எழுதியது:

இந்த எண்ணோடு எனக்குப் பழைய உறவு. நிரல்களை அட்டையில் துளையிட்டுக் கொடுத்த காலத்து ஆள் நான். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் எப்படிச் சேர்கிறது, எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பு என்று கணினியில் கணக்கிடும் வேலை ஒன்று செய்தேன். பயணிகள் எந்த விநாடியில் வருவார்கள் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும். அந்தக் குலுக்கலைச் செய்துகொடுத்தது 2147483647.

முறை இதுதான். ஓர் எண்ணில் தொடங்கி, 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுங்கள். அதுவே அடுத்த எண். மறுபடியும் பெருக்குங்கள். லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் 1969-இல் ஐபிஎம் 360 கணினிக்காக இதை வெளியிட்டார்கள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் எல்லோரும் குறைந்தது இதையாவது பயன்படுத்துங்கள் என்று வலியுறுத்தினார்கள்.

ஏன் 16807? அது 7-இன் ஐந்தாம் அடுக்கு. சிறிய எண்ணில் காட்டுகிறேன். 7-ஆல் வகுத்த மீதிகளில் 3-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 1, 3, 2, 6, 4, 5 என்று ஆறையும் தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும். 2-ஆல் பெருக்கினால் 1, 2, 4 என்று மூன்றிலேயே சுற்றிக்கொண்டு மற்றவற்றைத் தொடாது. 2147483647-க்கு 2 உதவாது. எண்ணாடி சொன்னபடி 31 அடியில் திரும்பிவிடும். 7 உதவும். முழுச் சுற்றையும் நடக்கும் எண்களில் மிகச் சிறியது 7-தான். 16807-உம் முழுச் சுற்று நடக்கும்: 2147483646 அடிகள், ஓர் எண்கூட விடாமல், ஓர் எண்கூட இரண்டு முறை வராமல்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது? 2147483646-ஐக் காரணிப்படுத்துங்கள்: 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. சுற்று முன்கூட்டியே முடிவதென்றால் அதன் நீளம் இந்த எண்ணின் ஏதாவது ஒரு வகுஎண்ணாக இருக்க வேண்டும். அந்த ஏழு பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்து ஏழு சோதனை செய்தால் போதும்.

நிரலைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் முறை ஓட்டினால் 1043618065 வர வேண்டும். என் முதல் முயற்சியில் வேறு ஏதோ வந்தது. பெருக்கல் 32 பிட்டைத் தாண்டி வழிந்திருந்தது. திருத்தி எழுதி, காகிதச் சுருளில் அந்தப் பத்து இலக்கமும் வரிசையாக அச்சாகி வெளியே வந்த கணத்தை இன்னும் மறக்கவில்லை.

இன்று இதைவிட நல்ல முறைகள் வந்துவிட்டன. சுற்று சிறியது, ரகசியக் காப்புக்குக் கொஞ்சமும் ஆகாது. ஆனாலும் எனக்கு இது முதல் சைக்கிள் மாதிரி.

---

ஆற்றங்கரை எழுதியது:

என் தவறைப் பொறுமையாகத் திருத்தியதற்கு நன்றி ஐயா. ஒரே ஒரு கேள்வி. ஆய்லர் காலத்தில் கணினியும் இல்லை, குலுக்கலும் இல்லை. இதை நிறுவி அவர்களுக்கு என்ன கிடைத்தது?

---

எண்ணாடி எழுதியது:

ஒரு நிறைவு எண் கிடைத்தது. 6-ஐவிடச் சிறிய அதன் வகுஎண்கள் 1, 2, 3 மூன்றையும் கூட்டினால் 6. 28-க்கும் அப்படியே. 2^31 − 1-ஐ 2^30-ஆல் பெருக்கினால் 2305843008139952128 வருகிறது. அதன் வகுஎண்களும் கூடி அதையே தரும். இந்த வழியை யூக்ளிட் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிடைத்ததில் அது எட்டாவது.

"பயன் இல்லை" என்று அன்றே சொன்னவர்களும் உண்டு. 1811-இல் ஆங்கிலேயர் பார்லோ, இது அறிய ஆர்வம் தருவதே ஒழியப் பயன் தருவதல்ல, ஆகவே இதைவிடப் பெரியதைத் தேட யாரும் முயலப்போவதில்லை என்று எழுதினார். அவர் நல்ல கணிதர். அவர் போட்ட அட்டவணைகள் நெடுங்காலம் புழங்கின. ஆனால் 65 ஆண்டில் லூக்கா 39 இலக்கத்துக்குப் போனார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 − 1-க்கு 4,10,24,320 இலக்கங்கள். தேடல் நிற்கவில்லை தம்பி.

---

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று, சனிக்கிழமை, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று சொல்லியிருந்தேன். 31 பேர் வந்தார்கள். நான் திட்டமிடவில்லை, நம்புங்கள். 372-ஐ 31-ஆல் வகுத்தால் ஆளுக்குச் சரியாக 12!

248 தாண்டித் தாண்டிப் பட்டியல் எழுதவே ஒரு மணி நேரம் போனது. பிறகு பிள்ளைகளே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 5-இல் முடிவதை அடிக்கலாம். இலக்கம் கூட்டி 3-இல் போவதை அடிக்கலாம். 7-இல் போவதையும் அடிக்கலாம். நம் எண்ணை 3, 5, 7 வகுக்கவில்லை என்று முன்பே பார்த்துவிட்டோமே. பட்டியலில் பாதிக்கும் மேல் அடிபட்டுப்போனது.

1489 கேள்வி கேட்ட அந்த மாணவனுக்கே வந்தது. ஈவு 1442232, மீதி 299 என்று கொண்டுவந்தான். பக்கத்தில் இருந்த மாணவி ஒன்பது சோதனை போட்டாள். ஈவின் இலக்கங்கள் கூடினால் 18, ஆகவே பெருக்கல் பக்கம் பூஜ்யம். மீதி 299 கூடினால் 20, அது 2. ஆனால் 2147483647 கூடினால் 46, பிறகு 10, பிறகு 1. பொருந்தவில்லை. "299 ஆனால் என்ன, வேறு எது ஆனால் என்ன? பூஜ்யம் இல்லையே!" என்றான் அவன். "தப்பாகப் போட்ட கணக்கில் பூஜ்யம் இல்லை என்பதை மட்டும் எப்படி நம்புவது?" என்று அவள் கேட்டாள். நான் வாயே திறக்கவில்லை.

அவன் ரப்பரை எடுத்துக் கடைசி வரியை அழித்தான். 3177-இலிருந்து 2978. நூறாம் இடத்தில் கடன் கொடுத்ததை மறந்திருந்தான். மீதி 199. கூட்டினால் 19, 10, 1. அவள் தலையசைத்த பிறகுதான் தாளில் டிக் போட்டான்.

மாலை ஐந்து மணிக்குப் பட்டியலில் பாதி தாண்டியிருந்தோம். இதுவரை எதிலும் பூஜ்யம் இல்லை. அடிபடாமல் நிற்பதில் கடைசி எண் 46129. அதைத் தனக்கு வேண்டும் என்று அவன் இப்போதே கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். வரும் சனிக்கிழமை முடித்துவிட்டு எழுதுகிறேன்.